பந்தியில் எழுந்த முறுமுறுப்பு

வேதபாடம்

வாசிக்க: அப்போஸ்தலர் 6:1–7, லேவியராகமம் 23:15–22, 2 தெசலோனிக்கேயர் 3:6–13, கலாத்தியர் 6:2–5





வழக்கமாக இந்தப் பகுதியில் ஒரு வேதபகுதியை எடுத்து விளக்கி எழுதுவேன். இந்த மாதம் அதற்கு முன்பாக உங்கள் எல்லாருக்கும் முன்னால் ஒரு தவறை அறிக்கையிட வேண்டியிருக்கிறது. வசனத்தைச் சொல்லி ஒரு ஆத்துமாவைக் காயப்படுத்தினேன். நான் சொன்ன வசனம் சரி. சொன்ன இடமும் ஆளும் தவறு. அதிலிருந்து கர்த்தர் எனக்குக் கற்றுக்கொடுத்ததையே பாடமாக எழுதுகிறேன். பொறுமையாய் வாசியுங்கள்.

எங்கள் சபை கோவில்பட்டிக்கு ஓரத்தில் இருக்கிற சிறிய சபை. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவர்கள், பெட்டி அடைக்கிறவர்கள், மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள், இவர்கள்தான் விசுவாசிகள். சகோதரிகள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து வாசலில் இருக்கிற டிரம்மில் கொட்டுவார்கள். மாதக் கடைசியில் அந்த அரிசியை விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் பங்கிடுவோம்.

போன ஐப்பசியில் மழை பிந்திவிட்டது. புரட்டாசியில் போட்ட உளுந்தும் பாசியும் முளைத்து வாடி நின்றன. தீப்பெட்டி ஆபீஸிலும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. டிரம் பாதிதான் நிறைந்திருந்தது. அந்த நேரத்தில், இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிற ஒரு சகோதரி ஆராதனை முடிந்ததும் எழுந்து, இரண்டு மாதத்துக்கு மட்டும் பத்துப் பத்துக் கிலோ அரிசி கிடைக்குமா என்று கேட்டார்கள். கையில் ஒரு துணிப்பை மடித்து வைத்திருந்தார்கள்.

உடனே மூப்பர் ஒருவர் எழுந்தார். "பாஸ்டர், நம்ம சனத்துக்கே பத்தல. அவுகளுக்கு ரேஷன் அரிசி குடுக்கு, மாசாமாசம் பணம் குடுக்கு, வீடும் கெட்டிக் குடுக்கு கவர்மெண்டு. பெறகு இங்கயும் வந்து கேட்டா என்ன அர்த்தம்? குடுத்துப் பழக்கிட்டா சோம்பேறியாப் போயிருவாக" என்றார். பின்வரிசையில் இருந்த சிலர் ஆமாம் ஆமாம் என்று முணுமுணுத்தார்கள்.

நான் போதகன். முறுமுறுப்பை அடக்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர, அந்தச் சகோதரியின் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வாரத்தில் ஆறு நாள் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதித்தான் ஊழியம் செய்கிறேன் என்ற பெருமை எனக்குள் இருந்தது. "வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது என்று பவுலே சொல்லியிருக்கிறார்" என்று சொல்லி ஜெபித்து முடித்துவிட்டேன். அந்தச் சகோதரி பையை இன்னும் சிறியதாக மடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை.

நாலாவது வாரம் உபவாச ஜெபத்தில் முழங்காலில் நிற்கையில், அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம் என் இருதயத்தில் திரும்பத் திரும்ப வந்தது. எழுந்து வேதத்தைத் திறந்தேன்.

1. அபிஷேகம் பெற்ற சபையிலும் அரிசிச் சண்டை வந்தது

அப்போஸ்தலர் இரண்டில் ஆவியானவர் இறங்கினார். நாலில் இடம் அசைந்தது. குறைவுபட்டவன் ஒருவனும் இல்லாதபடி எல்லாம் பொதுவாயிற்று. ஆறில் என்ன? முறுமுறுப்பு. எதைக்குறித்து? உபதேசத்தைக்குறித்து அல்ல, அந்நியபாஷையைக்குறித்து அல்ல. அன்றாடம் விதவைகளுக்குப் பங்கிடுகிற சாப்பாட்டைக்குறித்து!

யார் முறுமுறுத்தது என்று கவனியுங்கள். எருசலேமில் இரண்டு வகை யூதர்கள் இருந்தார்கள். எபிரெயர் என்று சொல்லப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள், உள்ளூர்ப் பேச்சுப் பேசுகிறவர்கள். மற்றவர்கள் வெளிதேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்கள் பேச்சு கிரேக்கு. இரத்தம் ஒன்று, தேவன் ஒருவர், ஆனால் பேச்சு வேறு, வந்த வழி வேறு. வந்தவர்களுடைய விதவைகள் பந்தியில் விடுபட்டுப்போனார்கள். வேண்டுமென்று யாரும் செய்திருக்கமாட்டார்கள். பங்கிடுகிறவர்களுக்கு அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பல நேரங்களில் அநியாயம் அப்படித்தான் நடக்கிறது.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? "நம்ம விதவைகளுக்கே பத்தல" என்று சொல்லவில்லை. "குடுத்துப் பழக்கிட்டோம், இனி பந்தியே வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழு பெயரும் கிரேக்கப் பெயர். கடைசி ஆளான நிக்கொலா பிறப்பால் யூதனே அல்ல. அந்தியோகியாவிலிருந்து யூதமார்க்கத்துக்கு வந்தவன். அதாவது, குறை சொன்னவர்களுடைய பக்கத்து ஆட்கள் கையிலேயே சபை டிரம்மின் சாவியைக் கொடுத்துவிட்டது. வாங்க நின்றவர்களைக் கொடுக்கிறவர்களாக்கினார்கள்.

இதற்கு அடுத்த வசனத்தை, ஏழாம் வசனத்தை, தவறாமல் வாசியுங்கள். தேவவசனம் பரவியது, சீஷர்கள் பெருகினார்கள், ஆசாரியரில் அநேகர் கீழ்ப்படிந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. எழுப்புதலுக்காக இரவெல்லாம் ஜெபிக்கிறோம். எருசலேமில் பந்தி சரியான பிறகு அல்லவா அடுத்த பெருக்கம் வந்தது!

2. பெந்தெகொஸ்தே பண்டிகையில் நாம் மறந்துபோன கட்டளை

நாம் பெந்தெகொஸ்தேக்காரர் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பண்டிகையின் பிரமாணம் லேவியராகமம் 23ல் 15ஆம் வசனம் தொடங்கி வருகிறது: ஐம்பது நாள் எண்ணுவது, புதிய மாவில் சுட்ட இரண்டு அப்பங்கள், பலிகள், சபைகூடுதல். 21ஆம் வசனத்தோடு பண்டிகை ஒழுங்கு முடிந்துவிடுகிறது. ஆனால் 22ஆம் வசனத்தில் கர்த்தர் இன்னொன்றைச் சேர்க்கிறார். அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. பலியைப்பற்றிச் சொல்லி வாய் மூடுமுன் பரதேசியைப்பற்றிச் சொல்லிவிட்டார்.

நம் கரிசல் காட்டில் இது புதிதல்ல. கடலை பிடுங்கின காட்டில் தப்புக் கடலை பொறுக்கியவர்கள் நம் அம்மாமார்தானே? காட்டுக்காரர் கண்டும் காணாததுபோல் போவார். ரூத்தின் புஸ்தகத்தில் போவாஸ் அதற்கும் ஒருபடி மேலே போனான். வேலைக்காரரிடம், அவள் பொறுக்கட்டும், அரிக்கட்டுகளிலிருந்தும் அவளுக்காகக் கொஞ்சம் சிந்திவிடுங்கள், அவளை வெட்கப்படுத்தாதிருங்கள் என்று சொல்லிவைத்தான் (ரூத் 2:15,16). ரூத் யார்? மோவாபிலிருந்து வந்தவள். அவள் வம்சத்தில்தான் தாவீது வந்தான், நம் ஆண்டவரும் வந்தார்.

இந்தக் கட்டளையில் இரண்டு பக்கத்துக்கும் வேலை இருக்கிறது. காட்டுக்காரன் ஓரத்தை விடவேண்டும். வந்தவள் குனிந்து பொறுக்கவேண்டும். விடாதவன் கட்டளையை மீறினவன். அதேபோல, காட்டுக்குள் வராதே என்று வேலி அடைத்துவிட்டு, "இவள் ஏன் குனிந்து பொறுக்கவில்லை" என்று கேட்கிறவனும் நீதிமான் அல்ல.

3. "வேலை செய்யாதவன்" யார்?

இப்போது நான் தவறாகப் பிரயோகித்த வசனத்துக்கு வருவோம். 2 தெசலோனிக்கேயர் 3:10. அங்கே பவுல் வேலை இல்லாதவனைப்பற்றிப் பேசவில்லை. வேலை செய்ய மனதில்லாதவனைப்பற்றிப் பேசுகிறார். கிரேக்க மூலத்தில் விருப்பத்தைக் குறிக்கும் வினைச்சொல்லே இருக்கிறது. அந்தச் சபையில் சிலர் ஒரு வேலையும் செய்யாமல், ஊர் வம்பில் தலையிட்டு, மற்றவர் அப்பத்தைச் சாப்பிட்டார்கள். அவர்களுக்குத்தான் அந்தக் கண்டிப்பு. மூன்றே வசனம் தள்ளி 13ல், நன்மை செய்கிறதில் சோர்ந்துபோகாதீர்கள் என்று சபைக்குச் சொல்லிவிடுகிறார். பத்தாம் வசனத்தை மனப்பாடமாய்ச் சொல்லுகிற நமக்குப் பதின்மூன்றாம் வசனம் ஏன் ஞாபகம் வருவதில்லை?

இந்த வசனத்தின் பாதியை வைத்துக்கொண்டு மனிதரைப் பட்டினி போட்டது நம் தேசத்திலேயே நடந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை ராஜதானியில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாய் ஊரைவிட்டுப் போனார்கள். பஞ்ச நிவாரண வேலையில் கூலி அதிகம் கொடுத்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள், அரசாங்கத்துக்குச் செலவாகும் என்று பயந்து, 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். மண் சுமந்து கல் உடைக்கிற ஒரு ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதோடு கொஞ்சம் காசு. சென்னையின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதில் உயிர் தரிக்காது என்று எதிர்த்து எழுதினார். பிறகு அதே வருஷத்தில் கூலியைத் திருத்தினார்கள். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்று கணக்கு. "கொடுத்தால் கெட்டுப்போவார்கள்" என்ற பேச்சு நம் மூப்பர் வாயில் புதிதாகப் பிறந்ததல்ல. அதற்கு நூற்றைம்பது வருஷ வயதாகிறது.

இப்போது முகாமுக்கு வருவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். நம் எட்டயபுரத்துக்கு அருகே தாப்பாத்தியிலும் ஒரு முகாம் உண்டு. 1991க்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. குறித்த நாளில் பதிவுக்கு ஆள் நேரில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பணக்கொடை நிற்கும். தூரத்து ஊருக்குப் போய்த் தங்கி வேலை பார்க்க வேண்டுமானால் அனுமதி வேண்டும். பிரஜாவுரிமை இல்லாததால் அரசாங்க வேலைக்குப் போக முடியாது. 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு வழி சொல்லப்பட்டது. இலங்கைத் தமிழர் அதில் இல்லை. இங்கேயே பிறந்து, இலங்கையை ஒருநாளும் பார்க்காத பிள்ளைகளும் அகதி என்ற பெயரோடு வளர்ந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த பணம் எவ்வளவு? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னது. அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்று வைத்தது. அப்போது உயர்த்தப்பட்ட பணக்கொடை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள் என்றால் 3,500 ரூபாய். நாலு பேருக்கு முப்பது நாளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது ரூபாய்கூட வராது. இதை வாங்கிக்கொண்டு யார் சும்மா உட்கார முடியும்? அந்த முகாம்களின் ஆண்கள் பெயிண்டிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் விடியுமுன் போகிறவர்கள். நம் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் யாரென்று யோசித்துப் பாருங்கள்.

4. மறுபக்கமும் உண்மைதான்

மூப்பர் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று நான் எழுதினால் அதுவும் பொய்யாகும். கெடுக்கிற உதவி இருக்கிறது. சபையில் மாதாமாதம் பணம் வாங்கி, அதை நேரே மதுக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் கொடுத்தோம். பிள்ளைகள் பசியோடு இருந்ததுதான் மிச்சம். தேர்தலுக்குத் தேர்தல் கவர் எதிர்பார்த்து வாசலில் உட்காருகிற பழக்கம் நம் விசுவாசிகள் வீட்டிலும் நுழைந்திருக்கிறது என்பதையும் கண்ணீரோடு சொல்லுகிறேன். பவுலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. 1 தீமோத்தேயு 5ல் விதவைகளைக்குறித்து வயது, சாட்சி, கவனிக்க வீட்டார் உண்டா இல்லையா என்று எல்லாம் விசாரிக்கச் சொல்லுகிறார். விசாரிப்பது பாவமல்ல. விசாரிக்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் என் பாவம்.

அதே நேரத்தில், எல்லா இலவசமும் கெடுக்கும் என்று சொல்லுகிறவர்கள் எட்டயபுரத்தை மறக்கக்கூடாது. 1956ல் காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டத்தை அந்த ஊரில்தான் தொடங்கிவைத்தார். ஊர் ஜனங்களின் நன்கொடையும் சேர்ந்துதான் அது நடந்தது. அதுவே 1982ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாய்ப் பெருகியது. 2001ல் உச்சநீதிமன்றம் தேசமெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க உத்தரவிட்டது. அந்தச் சோற்றைத் தின்ற பிள்ளைகள் சோம்பேறியானார்களா? இதை எழுதுகிற நானும், நம் மூப்பரும் அந்தத் தட்டில் சாப்பிட்டவர்கள்தான். அந்தச் சோறு இல்லாவிட்டால் நாங்கள் பள்ளிக்கூடத்தில் அல்ல, கட்டைச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருப்போம்.

அப்படியானால் எது தூக்கிவிடுகிற உதவி, எது கெடுக்கிற உதவி? கலாத்தியர் 6ல் பதில் இருக்கிறது. இரண்டாம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லுகிறது. ஐந்தாம் வசனம் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. முரண்பாடா? இல்லை. தமிழில் இரண்டு இடத்திலும் பாரம் என்றே வந்தாலும் கிரேக்கில் வேறு வேறு சொல். முதலாவது ஆளை நசுக்குகிற பாரம். இரண்டாவது ஒருவன் சுமந்துபோக வேண்டிய அவனுடைய மூட்டை.

பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். விறகுக்கட்டோடு வருகிறவள் யாரையும் கூப்பிடாமல் சுமையை அதில் சாய்த்து வைப்பாள், மூச்சு வாங்குவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி தானே தலையில் ஏற்றிக்கொண்டு போவாள். அந்தக் கல் ஏன் தலை உயரத்துக்கு இருக்கிறது? தரையில் இறக்கிவிட்டால் தனியாய்த் தூக்க முடியாது என்பதற்காக. கல் சுமையைப் பறித்துக்கொள்ளாது. "நீ எந்த ஊர்க்காரி" என்றும் கேட்காது. சபையின் உதவி சுமைதாங்கியாய் இருக்கவேண்டும். ஆளைத் தரையில் விழவிட்ட பிறகு செய்கிற உதவிக்குத்தான் செலவும் அதிகம், வெட்கமும் அதிகம்.

5. நாமும் பரதேசிகளாயிருந்தோம்

பரதேசியை ஒடுக்காதே என்று சொல்லும்போதெல்லாம் கர்த்தர் ஒரு காரணம் சொல்லுகிறார்: நீங்களும் எகிப்தில் பரதேசிகளாயிருந்தீர்கள் (யாத். 22:21, உபா. 10:19). நம்முடைய எகிப்து எது? மழை பொய்த்த வருஷங்களில் நம் ஜனங்கள் எங்கே போனார்கள்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். 1948ல் அந்தத் தேசத்தின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாகப் பேசி முடித்தார்கள். பம்பாய்க்குப் போனார்கள்; தாராவியில் திருநெல்வேலிச் சீமை ஜனங்கள் எத்தனை பேர்! 1966ல் சிவசேனா எழும்பியபோது, தென்னாட்டார் எங்கள் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்றுதானே கோஷம் போட்டார்கள்? அன்றைக்கு உங்கள் தாத்தாவைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தையை இன்றைக்கு நீங்கள் பீகார்ப் பையனைப் பார்த்துச் சொல்லலாமா?

"வடக்கன்" என்று ஒரு சொல் நம் நாவில் புகுந்திருக்கிறது. அந்நியபாஷை பேசுகிற நாவில் அது வரலாமா என்று உங்களையே கேளுங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பிள்ளைகள் பயந்து ரயிலேறி ஊருக்கு ஓடினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். பரவியது பொய் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பயம் பொய்யல்ல. நாம் முகங்கொடுத்துப் பேசியிருந்தால் அவர்கள் ஒரு வீடியோவை நம்பி ஓடியிருப்பார்களா?

பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் திண்ணையில் படுத்திருக்கிற மனிதனையும் இப்படியே பாருங்கள். தலைசாய்க்க இடமில்லை என்று நம் ஆண்டவரே சொன்னாரே (மத். 8:20). வீடில்லாமை ஒரு குணக்கேடு அல்ல.

6. முகாமுக்குப் போனேன்

இந்த வெளிச்சத்தோடு, டிரம்மைக் கவனிக்கிற விதவைச் சகோதரியைக் கூட்டிக்கொண்டு முகாமுக்கு பஸ் ஏறினேன். வழியில் அவர்கள் சொன்னார்கள்: "பாஸ்டரய்யா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடாதீக. நம்ம டிரம்முல மோட்டா அரிசி கொஞ்சம் கலந்து கெடக்குமே, அது யாருதுன்னு நெனச்சீக? அந்த அக்கா மூணு வருசமா வாரம் தவறாம ரேஷன் அரிசியக் கொண்டாந்து போட்டுச்சு. ஒருநாளும் வாங்கினதில்ல. இதுதான் மொதத்தடவ கேட்டுச்சு."

பிரியமானவர்களே, பஸ்ஸில் எனக்குப் பேச்சு வரவில்லை.

வீட்டுக்காரர் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டுக் கிடந்தார். நாங்கள் அரிசி இல்லையென்று அனுப்பியதற்கு மறுவாரம் அந்தச் சகோதரி கந்துவட்டிக்கு ஐயாயிரம் வாங்கியிருந்தார்கள். மன்னியுங்கள் அம்மா என்றேன். "நீங்கள் வசனந்தானே சொன்னீங்கள் ஐயா. அவர் விழுந்து ரெண்டு கிழமை, எனக்கு வேற வழி தெரியேல்லை. அதுதான் வாய்விட்டுக் கேட்டனான்" என்றார்கள். வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாக நடந்ததைச் சொன்னேன். மூப்பர் முதலில் தலைகுனிந்தார். பிறகு அவரே எழுந்து ஜெபித்தார். சபையாகக் கூடி நாலு காரியம் தீர்மானித்தோம்.

ஒன்று: டிரம்மின் சாவி மூன்று பேரிடம். உள்ளூர் விதவைச் சகோதரி ஒருவர், முகாம்ச் சகோதரி, பம்பாயில் வேலை பார்த்து ஹிந்தி தெரிந்த ஒரு வாலிபத் தம்பி.

இரண்டு: யார் கேட்டாலும் அன்றைக்குரிய அரிசி அன்றைக்கே. விசாரணை பிறகு, வீட்டில் போய், தனியாக. மூன்று மாதம் ஆனால் அடுத்து என்ன வழி என்று உட்கார்ந்து பேசுவது.

மூன்று: வட்டியில்லாத சிறு கடன் (யாத். 22:25). அந்த ஐயாயிரத்தை அடைத்துவிட்டோம். சகோதரி அதை இனாமாக வாங்க மறுத்து, கடனாக எழுதச் சொன்னார்கள். பாதி திரும்பியிருக்கிறது. மீதி வருமா என்று மூப்பர் இன்னும் கேட்கத்தான் செய்கிறார். வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் செய்தது சரியென்று நம்புகிறேன்.

நான்கு: அரசாங்கம் தருகிறதை வாங்க வழிகாட்டுவது. வெளிமாநிலத் தொழிலாளி தன் ஊர் ரேஷன் கார்டைக் கொண்டே இங்கே அரிசி வாங்கும் ஏற்பாடு 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. அது பலருக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுக்கொடுப்பதும் ஊழியந்தான்.

முகாம்ச் சகோதரி ஆராதனைக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் கம்பு ஊன்றி நடக்கிறார். சபைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். "யோசிப்பம்" என்றார். அந்த ஆத்துமாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். என் வாயின் வார்த்தையால் அடைபட்ட கதவு அது, கர்த்தர்தாம் திறக்கவேண்டும்.

வீட்டு ஜெபக்கூட்டங்களில் கலந்துரையாட:

1. உங்கள் சபையின் பந்தியில் கண்ணில் படாமல் விடுபடுகிறவர்கள் யார்? அவர்கள் பேச்சு என்ன, ஊர் எது?

2. உங்கள் வயலின் ஓரம் எது? காடு இல்லாதவர்களுக்குச் சம்பளத்திலும் நேரத்திலும் ஓரம் உண்டல்லவா?

3. நீங்கள் செய்கிற உதவி சுமைதாங்கியாக இருக்கிறதா, தரையில் இறக்கிப்போடுகிறதாக இருக்கிறதா?

ஜெபம்: பரலோகப் பிதாவே, பரதேசியாய் இந்த உலகத்தில் வந்த உமது குமாரனை எங்கள் வாசலில் நாங்கள் அடையாளம் காணாமல் அனுப்பிவிட்டோம். எங்களை மன்னியும். கொடுக்கிற கைக்கு ஞானத்தையும், வாங்குகிற கைக்குப் பெலனையும், இரண்டு கைக்கும் ஒரே பந்தியையும் தாரும். எங்கள் கரிசல் சீமையில் எழுப்புதலை அனுப்பும்; அது எங்கள் அரிசி டிரம்மிலிருந்து தொடங்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே. ஆமென்.